எரிமலை மேல் இருபது கிலோமீட்டர்!

திருவண்ணாமலைக்காரர்களுக்கு நடையைப் பற்றி ஒரு திமிர் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள் நாங்கள். அதனால், நியூசிலாந்தில் ஹாமில்டன் நகரில் இருக்கும் என் மகள், "அம்மா, இங்கே ஒரு எரிமலைப் பூங்கா இருக்கு. ஒரே நாள்ல 20 கிலோமீட்டர் நடக்கணும். வர்றியா?" என்று கேட்டபோது, "இருபதுதானே!" என்று சொல்லிவிட்டேன்.

அது போன வருடம் மார்ச். பாதி வழிகூடத் தாண்டவில்லை. விரல்கள் மரத்து, பல் கிட்டி, மாப்பிள்ளையின் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். இந்த வருடம் பிப்ரவரியில் மறுபடி போனேன். எனக்கு வயது 58. அந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் பெற்றோர் யாருக்காவது உதவும்.

அந்த இடத்தின் பெயர் டோங்காரிரோ தேசியப் பூங்கா. நியூசிலாந்தின் வடக்குத் தீவில், நடு மத்தியில் இருக்கிறது. ஹாமில்டனிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம். பக்கத்துப் பக்கத்தில் மூன்று எரிமலைகள்: 2,797 மீட்டர் உயர ருவாபெஹு, அச்சில் வார்த்த கூம்பு மாதிரி நிற்கும் ஙவுருஹோயி, இரண்டையும்விடக் குள்ளமான, ஆனால் பூங்காவுக்கே பெயர் கொடுத்த டோங்காரிரோ. ஒன்றாம் வகுப்பில் 'ங' எழுதிப் பழகியதோடு சரி. அந்த எழுத்தில் தொடங்கும் ஊரோ மலையோ இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மாவோரி மக்கள் அதை மூக்கால் உச்சரிப்பதைக் கேட்டால், அந்த ஒலிக்கு நம் எழுத்துதான் சரி என்று தெரியும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் தீ கக்கும் மலையாகக் காட்டியது இந்த ஙவுருஹோயியைத்தான். அதைப் பார்க்கவே பாதிப் பேர் வருகிறார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. ஙாடோரோயிராங்கி என்ற மாவோரி பூசாரி தெற்கே வந்து இந்த மலையில் ஏறியபோது, குளிர்காற்றில் உயிர் போகிற நிலைமை. தன் பூர்வீகத் தீவில் இருக்கும் அக்கா தங்கைகளைக் கூவி அழைத்து, நெருப்பு அனுப்பச் சொன்னாராம். அந்த நெருப்பு கடலுக்கு அடியிலும் பூமிக்கு அடியிலும் ஓடி, வழியில் தலைநீட்டிய இடமெல்லாம் வெந்நீர் ஊற்றும் எரிமலையுமாகி, கடைசியில் இந்த மலை உச்சியில் வந்து பீறிட்டது. 'டோங்கா' என்றால் தெற்குக் காற்று. 'ரிரோ' என்றால் பிடித்துக்கொண்டு போனது. போன மார்ச்சில் அந்தக் காற்றில் நின்றபோது, அவர் ஏன் அப்படிக் கூவினார் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

இந்தச் சிகரங்கள் ங்காத்தி துஃபாரேதோவா என்ற மாவோரி குலத்துக்குப் புனிதமானவை. நிலத்தைத் துண்டு போட்டு விற்கும் காலம் வந்தபோது, மலையும் கூறுபோடப்படக் கூடாது என்று அவர்களுடைய தலைவர் ஹோரோனுகு தே ஹெயுஹெயு 1887-ல் சிகரங்களை அரசுக்குக் கொடையாகக் கொடுத்தார். நாட்டின் முதல் தேசியப் பூங்கா அப்படித்தான் பிறந்தது. 1990-ல் இயற்கைக்காகவும் 1993-ல் பண்பாட்டுக்காகவும் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உச்சிகளின் மேல் ஏற வேண்டாம், மேலே இருக்கும் ஏரிகளின் தண்ணீரில் கை வைக்க வேண்டாம் என்று அந்த மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். மகள் இதைச் சொன்னபோது எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மலையே சாமி என்றால் சுற்றித்தான் வர வேண்டும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

சரி, முதல் தடவை என்ன தப்பு செய்தோம்?

உயரத்தைப் பார்த்து ஏமாந்தோம். இந்தப் பாதையில் மிக உயரமான இடம் 1,886 மீட்டர். கொடைக்கானலே இதைவிட உயரம் என்று மாப்பிள்ளை கணக்குச் சொன்னார். ஆனால் கொடைக்கானலில் மரம் இருக்கிறது, கடை இருக்கிறது, வெயில் தலைக்கு மேல் இருக்கிறது. இங்கே பூமத்திய ரேகையிலிருந்து 39 பாகை தெற்கே, ஒரு மரம்கூட இல்லாத மொட்டைப் பாறையில், கடல் காற்று தடுக்க ஆளில்லாமல் வந்து மோதுகிறது. கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் இளவெயில். மூன்று மணி நேரம் கழித்து மேலே ஆலங்கட்டி மாதிரி மழை. கோடையிலும் அங்கே பனி பெய்யக்கூடும்.

அடுத்தது, நான் போட்டிருந்த காட்டன் சுடிதார். நம் ஊருக்குப் பருத்தியைவிட நல்ல துணி கிடையாது. அந்த ஊர் மலைக்கு அதைவிட மோசமான துணியும் கிடையாது. ஏறும்போது வியர்வையில் நனையும். நின்றவுடன் அந்த ஈரமே ஐஸ் ஒத்தடம் ஆகிவிடும். கம்பளியோ, ஓட்டப் பயிற்சிக்குப் போடும் பாலியஸ்டர் துணியோதான் வேண்டும். மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், பேன்ட். தொப்பி, கையுறை. வெயில் அடித்தாலும் இவை பையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது தப்பு, திரும்பி வருவதை யோசிக்காமல் போனது. இது ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும் பாதை. மேற்கே மாங்கடெபோபோவில் தொடங்கி, வடக்கே கேடெடாஹியில் முடிகிறது. நம்மைத் தொடங்கும் இடத்தில் இறக்கிவிடும் வேன், மாலையில் முடியும் இடத்தில்தான் காத்திருக்கும். பாதியில் திரும்பினால் என்ன செய்வது என்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. நடுங்கிக்கொண்டே வந்த வழியே இறங்கி, யாரையோ கெஞ்சி ஒரு போன் செய்து, வேறு வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மகள் அழுதாள். "உன்னை இங்கே கூட்டிட்டு வந்ததே தப்பும்மா" என்றாள். எனக்குக் குளிரைவிட அதுதான் வலித்தது. அடுத்த வருடம் வருவேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். கொஞ்சம் வீம்புதான்.

ஊருக்கு வந்ததும் பயிற்சியை ஆரம்பித்தேன். கிரிவலப் பாதை சமதளம். அதில் எத்தனை சுற்று போனாலும் மலை ஏறப் பழகாது. அதனால் வாரத்தில் மூன்று நாள், ரமணாசிரமத்தின் பின்னாலிருந்து ஸ்கந்தாசிரமம் போகும் கல் பாதையில் ஏறி இறங்கினேன். முதுகில் பை, பையில் இரண்டு லிட்டர் தண்ணீர். என்னைப் போன்ற வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஏறுவது நெஞ்சைச் சோதிக்கும், இறங்குவதுதான் முட்டியைச் சோதிக்கும். டோங்காரிரோவில் தொடங்கும் இடம் 1,120 மீட்டர், முடியும் இடம் சுமார் 760. ஏறுவதைவிட இறங்குவது அதிகம். எலும்பு டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே டிக்கெட் போட்டேன். வாங்கிய புது ஷூவை ஊரிலேயே போட்டுத் தேய்த்துப் பழக்கினேன். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள்.

ஷூ என்றதும் ஒன்று. நியூசிலாந்து விமான நிலையத்தில் மண் ஒட்டிய ஷூவுக்கும், சாப்பாட்டுப் பொருளுக்கும் கடுமையான சோதனை உண்டு. இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு எதுவானாலும் அட்டையில் எழுதிக் காட்டிவிட வேண்டும். எழுதிக் காட்டினால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். மறைத்து மாட்டினால் 400 டாலர் அபராதம். என் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டு வருவதில்லை என்றார். பழைய டூத் பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்தது வீண் போகவில்லை.

இந்தத் தடவை மகள் திட்டம் போட்ட விதமே வேறு. மலைக்கு ஒரு நாள், கையிருப்பாக இரண்டு நாள் என்று பக்கத்திலிருக்கும் நேஷனல் பார்க் என்ற கிராமத்தில் மூன்று இரவு அறை எடுத்தாள். என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலும் உருப்படியான செலவு இதுதான். ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று கெட்ட வானிலையிலும் ஏறுகிறார்கள். போன வருடம் நாங்கள் செய்ததும் அதேதான்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் நடக்கும் தேதியை இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறார்கள், அதுவும் இலவசம். தொடக்கத்தில் இருக்கும் வாகன நிறுத்தத்தில், கூட்டம் வரும் மாதங்களில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காரை விட முடியாது. ஆகவே மறுமுனை அருகே கட்டண இடத்தில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து விடியற்காலை வேனைப் பிடித்தால், மாலையில் நம் வண்டி நமக்காக நிற்கும், ஓட வேண்டியதில்லை. பாதி வழியில் திரும்பினால் யாரை அழைப்பது என்பதையும் இந்த முறை கேட்டு எழுதிக்கொண்டாள். செல்போன் எல்லா இடத்திலும் எடுக்காது என்பதால், பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும் சின்னக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.

எரிமலை வெடித்தால்? என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்க வேண்டிய கேள்வியும்கூட. டோங்காரிரோவின் தே மாரி என்ற வாய் (மாரியம்மன் ஞாபகம் எனக்கு வந்தது) நூறு வருடத்துக்கு மேல் தூங்கிவிட்டு, 2012 ஆகஸ்ட் 6-ம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் வெடித்தது. பறந்து வந்த பாறைகள் கேடெடாஹி விடுதியின் கூரையைத் துளைத்தன. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. அதே வருடம் நவம்பர் 21-ல், பட்டப்பகலில், பாதையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தபோதே மறுபடி வெடித்தது. எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அதே நாட்டில், 2019 டிசம்பரில் ஃபகாரி எரிமலைத் தீவுக்குச் சுற்றுலா போனவர்களில் 22 பேர் உயிரிழந்ததும் செய்தியில் பார்த்ததுதான். அந்தப் பூசாரியின் கதையில் நெருப்பு ஓடிவந்த வழியில் அந்தத் தீவும் இருக்கிறது.

எனவே கிளம்பும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று மலை வானிலை அறிக்கை. அதில் மழையைவிடக் காற்றின் வேகம் முக்கியம். இரண்டு, ஜியோநெட் தளத்தில் எரிமலையின் எச்சரிக்கை நிலை. பூஜ்யம் என்றால் அமைதி. ஐந்து என்றால் பெரு வெடிப்பு. எண் ஏறியிருந்தால் போகக் கூடாது. பாதையிலும் எச்சரிக்கை விளக்குப் பலகைகள் இருக்கின்றன. அவ்வளவும் சொன்ன பிறகும் எரிமலை முன்னறிவிப்பு இல்லாமல் வெடிக்கலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறோம்.

முதல் நாள் காலை காற்று பலமாக இருக்கிறது, வேன் போகாது என்று செய்தி வந்தது. மகளின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் கையில் இன்னொரு நாள் இருந்ததே! ஃபாகபாபா கிராமத்திலிருந்து தாரானாகி அருவிக்குப் போனோம். ஆறு கிலோமீட்டர் சுற்று, இரண்டு மணி நேரம். பழைய எரிமலைக் குழம்பு இறுகி நின்ற விளிம்பிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விழுகிறது. சர்க்கரை நோயுள்ள என் வீட்டுக்காரரும் சிரமமில்லாமல் நடந்து வந்தார். பெரிய நடை வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

மறுநாள் காற்று அடங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும். வீட்டுக்காரர் அறையிலேயே இருந்தார். அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம். கீழே இறங்கியதும் மகள் போன் செய்வாள். மாலை ஆறு மணி வரை எந்தத் தகவலும் வராவிட்டால், அவர் 111-ஐ அழைத்து, நாங்கள் எந்தப் பாதையில் எத்தனை மணிக்குப் புறப்பட்டோம் என்று சொல்ல வேண்டும். அங்கே அவசர எண் அதுதான். சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எங்களுக்கும் ஒரு கெடு வைத்துக்கொண்டோம். பத்தரைக்குள் தெற்குப் பள்ளத்தை அடையாவிட்டால் திரும்பிவிட வேண்டும். போன வருடம் நான் நின்றுபோன அதே இடம்.

ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். முதல் ஒரு மணி நேரம் பலகைப் பாதையும் ஓடையுமாகச் சுலபம். வலது பக்கம் ஙவுருஹோயி. 1949-லும் 1954-லும் அது கக்கிய குழம்பு கருகருவென்று உறைந்து கிடக்கிறது. சோடா ஊற்றில் கழிப்பறை இருக்கிறது. பயன்படுத்திவிடுங்கள், மேலே மறைவுக்கு ஒரு புதர்கூடக் கிடையாது. குடிக்கத் தண்ணீரும் வழியில் எங்கும் கிடையாது. அதன் பிறகு 'சாத்தான் படிக்கட்டு'. படிகள் இப்போது ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. இருபது படிக்கு ஒரு முறை நின்றேன். இளவட்டங்கள் கும்பல் கும்பலாகத் தாண்டிப் போனார்கள். தாண்டிப் போகட்டும்.

தெற்குப் பள்ளத்தை அடைந்தபோது மணி பத்து இருபது. சுற்றிலும் முகடுகள், நடுவே மைதானம் போல வெறும் மண். எதிரே ஏற வேண்டிய முகட்டில் மேகம் உட்கார்ந்திருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, கைவிரலை மடக்கிக் காட்டு" என்றாள். காட்டினேன். "உன் பேரு, இன்னிக்கு என்ன கிழமை, சொல்லு." சொன்னேன். குளிர் தலைக்கு ஏறினால் பேச்சு குழறும் என்பதால் இந்தப் பரீட்சை. முகட்டில் கைத்தடி இல்லாமல் நிற்க முடியாத அளவு காற்று அடித்தால் அந்த நொடியே திரும்புவது என்று பேசிக்கொண்டு ஏறினோம்.

காற்று இருந்தது. ஆனால் நிற்க முடிந்தது. பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சிவப்பு வாய் என்ற அந்தப் பெரும் பிளவின் விளிம்புக்கு வந்தோம். இரும்பு துருப்பிடித்த சிவப்பு. அடியிலிருந்து ஆவி வருகிறது, கந்தக நாற்றம். கீழே தரையில் கை வைத்தால் சில இடங்களில் வெதுவெதுப்பு. அண்ணாமலையாரை அக்னி வடிவம் என்று பிறந்ததிலிருந்து கும்பிட்டு வருகிறேன்; உள்ளே நிஜமாகவே நெருப்பு இருக்கும் மலை மேல் நின்றது அன்றுதான்.

அங்கிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவுதான் முழுப் பாதையிலும் எனக்கு பயங்கரம். கால் வைத்தால் ஜல்லி மாதிரி சறுக்கும் எரிமலைச் சரளை. குதிகாலை அழுத்தி, முட்டியை லேசாக மடக்கி, பக்கவாட்டில் இறங்க வேண்டும். நான் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். என் முன்னால் போன வெள்ளைக்காரர் ஒருவர் எனக்கு முன்பே உட்கார்ந்ததால் வெட்கமாக இல்லை. கீழே மூன்று ஏரிகள், பாசிப் பச்சையும் நீலமும் கலந்து, பாலாடை படிந்த மாதிரி. அருகிலிருக்கும் வெந்நிலத்தின் தாதுக்கள் கரைந்து வருவதால் அந்த நிறம். கரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். தண்ணீரில் கை வைக்கவில்லை.

நீல ஏரி தாண்டியதும் நடை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்தேன். இன்னும் பாதி தூரம் இருந்தது. வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் தே மாரியின் ஆவி தூரத்தில் தெரிகிறது. ஆபத்துப் பகுதி, தங்காமல் நடங்கள் என்கிறது பலகை. முட்டி கெஞ்சியது. கடைசி ஒரு மணி நேரம் காடு. அதிலும் ஓரிடத்தில் சேற்று வெள்ளம் வரக்கூடும், நிற்காதீர்கள் என்று பலகை. உட்கார ஆசைப்படும் இடத்திலெல்லாம் உட்காராதே என்றால் எப்படி? ஏழெட்டு மணி நேரத்தில் முடிக்கும் பாதையை நாங்கள் முடித்தபோது மணி ஐந்து பத்து.

மகள் போனை எடுத்தாள். குளிரிலும் போட்டோவிலும் பேட்டரி செத்திருந்தது. சார்ஜர் வயர் அறையில். என்னிடம் இருந்தது ஊர் சிம். அது அங்கே வேலை செய்யாது. இத்தனை திட்டம் போட்டவள் ஒரு வயரை மறந்திருந்தாள். காருக்குப் போய், ஷூவைக் கழற்றக்கூட இல்லாமல் கிளம்பினோம்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விடுதி வாசலில் கார் நின்றது. ஸ்வெட்டர், மஃப்ளரோடு சாலையோரமே நின்றிருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் அந்தத் தாள். 111-ஐப் பேனாவால் திரும்பத் திரும்ப எழுதி எண் தடித்துப் போயிருந்தது. கார் கதவைத் திறந்தவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்கிலீஷை நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்துட்டேம்மா. கடைசி வரிதான் வாயில நுழையல" என்றார். பிறகு குனிந்து என் ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.